நான் கவனிக்காத செடி

எங்கள் பால்கனியில் 11 தொட்டிகள். அதில் பத்து என் நேரடிப் பராமரிப்பில் இருந்தவை. பதினொன்றாவதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

எல்லாம் ஆர்.ஓ. மெஷினால் வந்தது. அது ஒரு வாளி குடிநீர் தருவதற்குள் ஒன்றரை வாளி தண்ணீரைக் கழித்துக் கொட்டிவிடும். பார்க்கப் பார்க்க வயிறு எரியும். ஒருநாள் அந்தக் கழிவுக் குழாயை இழுத்து வாளிக்குள் விட்டேன். அன்றிலிருந்து செடிகளுக்கு அந்தத் தண்ணீர்தான். அதுவும் தொட்டிக்குத் தினம் ஒரு டம்ளர். அடியில் ஒரு சொட்டுகூட வடியக்கூடாது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சிக்கனத்தைப் பற்றி வகுப்பே எடுத்தேன்.

சில மாதங்களில் மண் தொட்டிகளின் விளிம்பில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை ஏறியது. மண்மேலும் பொருக்குத் தட்டியது. பூஞ்சை என்று முடிவுகட்டி மருந்தடித்தேன். அது அசையவே இல்லை. ரோஜாவின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நின்றன. ஸ்பைடர் பிளான்ட்டின் நுனிகள் கருகின. சத்து போதவில்லை போலிருக்கிறது என்று உரத்தைக் கூட்டினேன். கருகலும் கூடியது.

இப்போது பதினொன்றாவது. உடைந்த பிளாஸ்டிக் டப்பாவில், தேறாது என்று நானே கைகழுவிய ஒரு ஸ்பைடர் பிளான்ட் துண்டு. தூக்கிப் போட மனமில்லாமல் ஏசி தண்ணீர் சொட்டும் மூலையில் தள்ளிவிட்டு மறந்தே போனேன். துணி எடுக்கப் போன மனைவி ஒருநாள் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் புதராக நிற்கிறது, டப்பாவைச் சுற்றிக் குட்டிகள் வேறு தொங்குகின்றன.

"நீங்க கவனிக்காம விட்டது ஒண்ணுதான் உருப்பட்டிருக்கு," என்றாள்.

சத்தம் கேட்டு வந்த மகள், என் 'பூஞ்சை'யைச் சுரண்டித் தட்டில் போட்டு ஒரு சொட்டு வினிகர் விட்டாள். புசுபுசுவென்று நுரைத்தது. "பூஞ்சை நுரைக்காதுப்பா. கெட்டில் அடியில படியுதே, அதேதான் இது."

நான் மருந்தடித்தது சுண்ணாம்புக்கு! ஆர்.ஓ. மெஷின் நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கும் உப்பெல்லாம் சேர்ந்ததுதான் அந்த வாளித் தண்ணீர். தொட்டியில் ஊற்றினால் தண்ணீரைச் செடி குடிக்கும், வெயில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். உப்பு மட்டும் எங்கேயும் போகாது. தரையில் நின்றால் மழை அதைக் கீழே கொண்டுபோய்விடும். நானோ ஒரு சொட்டுகூட வடியவிடாமல் காவல் காத்திருக்கிறேன். மண்ணில் காரத்தன்மை ஏற ஏற, இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. ரோஜா மஞ்சளானது அதனால். நான் கூட்டிய உரம்? அதுவும் உப்புதான்.

உடனே ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன். பேனா மாதிரி இருக்கும், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று உத்தேசமாகச் சொல்லும். குழாய்த் தண்ணீர் 620. குடிநீர் 45. என் சிக்கன வாளி 1010. ஏசி தண்ணீர் 18. இரண்டு நாள் அதுவும் கையுமாக அலைந்தேன். மீன்தொட்டியில் விட்டபோது மீன்கள் பார்த்த பார்வையில் அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் ஒவ்வொரு தொட்டியிலும் அடித்துளை வழியாக நன்றாக வடியும்வரை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பை அலசினேன். தட்டில் தேங்கியதையும் அப்படியே விடாமல் கொட்டினேன். கழிவுநீர் இப்போது தரை துடைக்கப் போகிறது. கருகிய நுனி கருகியதுதான், திரும்பப் பச்சையாகாது. ஆனால் ரோஜாவில் புதுத் தளிர் பச்சையாகவே வருகிறது.

ஒரே சிக்கல், 11 தொட்டிக்கும் ஏசி தண்ணீர் வேண்டும். மழைநீரும் நல்லதுதான், ஆனால் அது நாம் கூப்பிடும்போது வருவதில்லை. நேற்று ராத்திரி இரண்டு போர்வைக்குள் சுருண்டிருந்த மனைவி தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"இந்தக் குளிர்ல எதுக்குங்க ஏசி?"

"வாளி இன்னும் பாதிதான் நிரம்பியிருக்கு."

"தண்ணியை மிச்சம் பிடிச்சது போதும். எழுந்துபோய் அதை அணைங்க."