அந்த ஒரு மதிப்பெண்

'ஹீ இஸ் ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஹூ ___ லேட்.' ஆங்கிலத் தேர்வில் இந்தக் கோடிட்ட இடத்தில் வர வேண்டியது 'கம்ஸ்' என்றது விடைக்குறிப்பு. ஒரு மாணவன் 'கம்' என்று எழுதியிருந்தான். நான் மதிப்பெண் போட்டேன்.

உடன் திருத்திய மூத்த ஆசிரியர் தாளை வாங்கிப் புரட்டினார். "கட்டுரையில் 'மை ஃபாதர் கோ' என்று எழுதியிருக்கிறான். தாள் முழுக்க ஒரு 'எஸ்' கிடையாது. இதை மட்டும் தெரிந்தா எழுதினான்?"

"தாளில் இருப்பதற்குத்தானே சார் மதிப்பெண்? அவன் மனத்தில் இருப்பதை நாம் எப்படித் திருத்துவது?" என்றேன்.

இலக்கணம் என் பக்கம்தான். தாமதமாக வருகிறவர்கள் பலர். இவன் அவர்களில் ஒருவன். 'ஹூ' சுட்டுவது 'பாய்ஸ்' என்ற பன்மையை, அதனால் 'எஸ்' இல்லாத 'கம்' வரும். 'தி ஒன்லி ஒன் ஆஃப் தி பாய்ஸ்' என்றிருந்தால் 'கம்ஸ்' வரும். 'தாமதமாக வரும் மாணவர்களில் ஒருவன்' என்று தமிழில் சொல்லும்போது 'வரும்' என்ற பெயரெச்சம் ஒருமை, பன்மை எதையும் காட்டுவதில்லை. தாய்மொழி கைகொடுக்காத இடம் இது. இங்கே சரியாக விழுந்த விடையை அடிக்க எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. விட்டுப்போன 'எஸ்' ஒன்றுக்கு நான் பரிசு கொடுத்திருக்கலாம்.

அதே விடைத்தாள் கட்டில் ஒரு மாணவி 'ஒன்' என்பதை அடிக்கோடிட்டு 'கம்ஸ்' என்று எழுதியிருந்தாள். 'ஒன் ஆஃப் தி பாய்ஸ் இஸ் ஆப்சென்ட்' என்று வகுப்பில் படித்த விதியை யோசித்துப் பொருத்தியிருக்கிறாள். விடைக்குறிப்புப்படி அவளுக்கும் மதிப்பெண் உண்டு. தாள் கொடுத்த அன்று வந்து நின்றாள்.

"அவன் எழுதியதும் சரியா மிஸ்?"

"அதுதான் இலக்கணப்படி சரி. ஆனால் நன்றாக எழுதுகிறவர்களே இரண்டு விதமாகவும் எழுதுவதுண்டு."

"பரீட்சையில் எதை எழுதட்டும்?"

'ஹூ' எந்தப் பெயரைச் சுட்டுகிறது என்று பார்க்கச் சொன்னேன். "விடைக்குறிப்பில் 'கம்ஸ்' என்று இருந்தால் மிஸ்?" என்றாள். சரியானதை எழுது, மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படாதே என்று ஆசிரியர் சொல்லிவிடலாம். மதிப்பெண் போகப்போவது அவளுக்கு. யோசித்து எழுதியவளைக் குழப்பி அனுப்பினேனோ என்றுகூடத் தோன்றுகிறது. இல்லை, தெரிந்ததை மறைப்பதும் பாடம் நடத்துவது ஆகாது.

இந்தக் கேள்வியையே அடுத்த வினாத்தாளில் எடுத்துவிடலாம் என்கிறார் மூத்தவர். இருக்கட்டும், இரண்டு விடைக்கும் மதிப்பெண் என்று குறிப்பில் சேர்ப்போம் என்கிறேன் நான். "அப்படியானால் எதைச் சோதிக்கிறோம்?" என்கிறார். எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை.