கடைவாயில் கட்டிய பாலம்

என் கீழ்த்தாடையின் வலப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல் 2017ஆம் ஆண்டில் போயிற்று. ஆறு வயதில் முளைக்கும் பல் அது. பால்பல் எதுவும் விழாமலேயே அதற்குப் பின்னால் வந்து நிற்பதால், அதுவும் விழுந்து முளைக்கும் பல்தான் என்று எண்ணிச் சொத்தையைக் கவனிக்காமல் விட்டுவிடும் வீடுகள் உண்டு. எங்கள் வீடும் அவற்றில் ஒன்று. நாற்பத்து மூன்று வயதுவரை அடைத்தும் மறுபடி அடைத்தும் வைத்திருந்த அந்தப் பல்லைக் கடைசியில் வேர் பிளந்துபோன பிறகு எடுக்கவேண்டி வந்தது. எடுத்த இடத்தில், இரத்தம் நிற்கும்வரை பஞ்சைக் கடித்திருக்கச் சொன்னார்களே தவிர, அந்த இடத்தை வெறுமனே விட்டால் என்ன ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மாவும், "உள்ள இருக்கிற பல்லுதானய்யா, யாரு பாக்கப் போறா?" என்றார். வலி இல்லாததால் நானும் ஆறு ஆண்டுகள் அப்படியே இருந்துவிட்டேன்.

வலிக்காமல் இருந்ததுதான் என்னை ஏமாற்றியது. 2023 நவம்பரில் பாளையங்கோட்டையில் ஒரு பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டியபோது, பின்னால் இருந்த கடைவாய்ப்பல் வெற்றிடத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. மேல்தாடையில் அதற்கு நேர் எதிரே இருந்த பல், கடித்து நிற்க ஆதாரம் இல்லாமல் கீழே இறங்கியிருந்தது. சாய்ந்த பல்லின் அடியில் உணவு தங்கித் தங்கி ஈறும் வீங்கியிருந்தது. போனது ஒரு பல்; இடம்விட்டு நகர்ந்தவை இரண்டு.

கழற்றி மாட்டும் பல்செட், இம்ப்ளாண்ட், பிரிட்ஜ் என்று மூன்று வழிகளை மருத்துவர் விளக்கினார். இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்பிலேயே டைட்டானியம் திருகைப் பதித்து, எலும்பு அதைப் பற்றிக்கொண்ட பிறகு மேலே பல் வைப்பது. சுவீடனைச் சேர்ந்த பிரோனேமார்க் 1965இல் முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தினார். பிரிட்ஜுக்கு அறுவை சிகிச்சை கிடையாது. இடைவெளிக்கு இருபுறமும் உள்ள பற்களைச் செதுக்கி அவற்றின் மேல் இரண்டு கேப்புகளையும், அவற்றோடு ஒட்டியபடி நடுவில் ஒரு செயற்கைப் பல்லையும் ஒரே துண்டாகப் பொருத்துவார்கள். விலையும் பெரும்பாலும் மூன்று பல் கணக்கில்தான் வரும் என்பதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாலம் என்றதும் கண்முன் வருவது, 1843இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் தாமிரபரணியின் குறுக்கே கட்டிய பாலம்தான். அதன் பாரத்தைத் தூண்கள் ஆற்றுக்குள் இறக்குவதுபோல, வாயில் கட்டும் பாலத்தின் பாரத்தைப் பக்கத்துப் பற்களின் வேர்கள் தாடை எலும்புக்குள் இறக்குகின்றன. நடுப்பல்லுக்கு வேரே கிடையாது. "சார், எடத்த அடைக்கது பெரிசில்ல, பக்கத்துப் பல்லு ரெண்டும் தாங்குமான்னு பாக்கணும்" என்றார் மருத்துவர். என் பின்பல்லுக்கு ஏற்கெனவே வேர் சிகிச்சை (உள்ளிருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது) ஆகியிருந்ததால் எப்படியும் கேப் போட்டாக வேண்டும். இடைவெளிக்கு முன்னால் இருந்த பல்லிலும் பெரிய அடைப்பு ஒன்று இருந்தது. ஆகவே எனக்குப் பிரிட்ஜ் பொருத்தமாக இருந்தது. இருபுறமும் கீறல்கூட இல்லாத நல்ல பற்களாக இருந்து, எலும்பும் போதுமான அளவு இருப்பவர்கள், அவற்றைச் செதுக்கச் சம்மதிக்கும் முன் இம்ப்ளாண்டைப் பற்றி விரிவாகக் கேட்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஏனெனில் செதுக்கிய எனாமல் ஒருபோதும் திரும்ப வளராது.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு இரண்டு பற்களையும் சுற்றிலும் மேலேயும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் செதுக்கினார்கள். பிசைந்த மாவுபோன்ற ரப்பர் பொருளைக் கடிக்கவைத்து அளவெடுத்து, நிற அட்டையை என் மற்றப் பற்களோடு ஒப்பிட்டு 'ஏ3' என்று குறித்துக்கொண்டு, லேபிலிருந்து ஜிர்கோனியா என்ற பீங்கான் வகையில் செய்த பிரிட்ஜ் வரும்வரை தற்காலிகப் பிளாஸ்டிக் பல் ஒன்றை ஒட்டி அனுப்பினார்கள். அடுத்த சில நாட்களிலேயே, 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் ஆறு கரைபுரண்டு ஊருக்குள் வந்தது. மின்சாரம் இல்லாத ஓர் இரவில் அந்தத் தற்காலிகப் பல் கழன்று கையோடு வந்துவிட்டது. பின்னர் எடுக்கவேண்டியது என்பதால் அதை இலேசான பசையால்தான் ஒட்டுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இடைவெளிக்கு முன்னால் இருந்த, செதுக்கிய பல் வெறும் தண்ணீர் பட்டாலே கூசியது. தொலைபேசி கிடைத்ததும் மருத்துவர் சொன்னது இதுதான்: கழுவி அதே இடத்தில் மெதுவாக வையுங்கள், தூங்கும்போது எடுத்துவிடுங்கள், கடையில் விற்கும் பசை எதையும் தடவிவிடாதீர்கள். வைக்காமலே விட்டால் செதுக்கிய பற்கள் சில நாட்களுக்குள் சற்றே நகர்ந்து, புதிய பிரிட்ஜ் உட்காராமல் போகக்கூடும் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ஜனவரி முதல் வாரத்தில் நிரந்தரப் பல் வந்தது. நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, பல்லின் மேல் விழுந்த நீலப் புள்ளிகளில் அழுத்தமானவற்றை மட்டும் தேய்த்து, மறுபடி கடிக்கச் சொல்லி, ஏறக்குறைய அரைமணி நேரம் இதையே செய்தார். கீழே இறங்கியிருந்த மேற்பல்லின் நுனியையும் சிறிது தேய்க்கவேண்டி வந்தது. அந்த அரைமணி நேரத்துக்கு நான் மிகுந்த நன்றியுடையவன். பிரிட்ஜ் ஒரு மயிரிழை உயர்ந்து நின்றாலும் ஒவ்வொரு கடியும் அந்த இரண்டு வேர்களையே இடித்துக்கொண்டிருக்கும்.

பொங்கலுக்குப் பனங்கிழங்கு வந்தது. அவித்த கிழங்கை நடுவில் பிளந்து தும்பை உரித்துவிட்டுத்தான் தின்றேன். ஆனாலும் மெல்லிய நார் ஒன்று நடுப்பல்லின் அடியில் நுழைந்துகொண்டது. பிரஷ்ஷால் வரவில்லை, கொப்பளித்தும் வரவில்லை. மருத்துவர் கொடுத்திருந்த நூலின் விறைப்பான முனையைக் கண்ணாடி முன் நின்று பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் வெளியிலிருந்து உட்பக்கம் நுழைத்து, பஞ்சுபோன்ற நடுப்பகுதியை முன்னும் பின்னும் இழுத்தபோது நாரும், அதனோடு இரண்டு நாள் அழுக்கும் வந்தன. அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் அந்த நூலை இழுக்காமல் படுப்பதில்லை. செயற்கைப் பல்லில் சொத்தை வராது. ஆனால் கேப்பின் விளிம்புக்குக் கீழே இருப்பது நம் சொந்தப் பல். அங்கே அழுக்குத் தங்கினால் உள்ளே சொத்தை பரவும். வேர் சிகிச்சை ஆன பல்லாக இருந்தால் வலியும் தெரியாது. என் அத்தைக்குப் போட்ட பிரிட்ஜ் ஒன்பதாம் ஆண்டில் தாங்குபல்லோடு சேர்ந்தே கழன்று வந்தது இப்படித்தான்.

சென்ற மாதம் தம்பிக்கு அதே முதல் கடைவாய்ப்பல்லை எடுத்தார்கள். புண் ஆறி எலும்பு படிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மூன்றாம் மாதத்துக்கான நாளை இப்போதே குறித்துவிட்டேன். அவனோடு நானும் போகிறேன்.