வரி கட்டுறோம் சரி, எதுக்குன்னு முன்னாடியே கேட்டா என்ன?

நம்ம காரைக்குடி பக்கம் வீட்டு வரி பேச்ச எடுத்தா சீக்கிரத்துல முடியாது. 2022ல சொத்து வரிய மாத்துனப்போ சென்னைய விட்டுட்டு மத்த ஊருகள்ல 600 சதுர அடி வரைக்கும் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம் கூடுச்சு, 1200 வரைக்கும் 50, 1800 வரைக்கும் 75, அதுக்கு மேல போனா 100 சதவீதம். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு பின் தெரு வரைக்கும் போற நம்ம வீடுக 1800 அடிக்குள்ள எங்க அடங்குறது? மழைக்கு ஓடு மாத்தவே காசு தேடுறவங்களுக்கும் வரி டபுள். 2024ல மறுபடி ஒரு 6 சதவீதம்.

ஏத்துனதே தப்புன்னு நான் சொல்ல வரல. 2008க்கு அப்பறம் நம்ம ஊருகள்ல வரிய ஒழுங்கா மாத்தவே இல்ல, 2018ல ஏத்தி அடுத்த வருஷமே நிறுத்தி வச்சாங்க, அத்தன வருஷத்துல சிமெண்ட் வெலயும் சம்பளமும் எங்கயோ போயிருச்சு. எனக்கு உள்ள ஆதங்கம் வேற. இந்த காசு எந்த வேலைக்குன்னு கட்டுறவங்ககிட்ட யாரும் சொல்லல, வேணுமா வேண்டாமான்னு ஒரு வார்த்த கேக்கவும் இல்ல.

எங்க ஆச்சி (அக்கா) மகன் கலிஃபோர்னியால சிட்டிசன், 2024 நவம்பர்ல ஓட்டுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்த வாக்காளர் புத்தகத்த போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிருந்தான். "அம்மான், பிரசிடெண்ட்டுக்கு ஒரு பக்கந்தான், மீதி பூராம் ஊரு விஷயம்"னான். உக்காந்து படிச்சேன். அங்க 1978ல ப்ரொபசிஷன் 13னு ஒரு தீர்மானத்துக்கு மக்களே ஓட்டு போட்டு சொத்து வரிக்கு, வரிக்கணக்குல உள்ள மதிப்புல 1 சதவீதம்னு ஒரு வரம்பு கட்டிட்டாங்க, அதனால பள்ளிக்கூடத்துக்கு புது கட்டடம் வேணும்னா அந்தப் பகுதி பள்ளிக்கூடங்கள நடத்துற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பாண்ட் (கடன் பத்திரம்) போட்டு கடன் வாங்கணும், அந்த கடன அடைக்க வீட்டு வரியோட கூடுதலா ஒரு தொகைய சேக்கணும், அதுக்கு சரியா இல்லையான்னு மக்கள்கிட்டதான் ஓட்டு கேக்கணும். முன்னாடி மூணுல ரெண்டு பங்கு பேரு சரின்னாத்தான் பாஸ், 2000ல ப்ரொபசிஷன் 39 வந்ததுக்கப்பறம் பள்ளிக்கூட பாண்டுக்கு 55 சதவீதம் போதும்.

சும்மா கொறைக்கல, அந்த 55க்கு பதிலா கட்டுப்பாடு போட்டிருக்காங்க பாருங்க, எனக்கு அதான் ரொம்ப பிடிச்சது. என்னென்ன வேலைன்னு லிஸ்ட் முன்னாடியே குடுக்கணும், அந்த காச வாத்தியார் சம்பளத்துக்கு எடுக்கக்கூடாது, வருஷா வருஷம் ஆடிட், அதுபோக ஊர்க்காரங்கள வச்சு ஒரு கண்காணிப்பு கமிட்டி. ஒண்ணாப்புலருந்து பன்னெண்டாப்பு வரைக்கும் சேந்து நடத்துற டிஸ்ட்ரிக்ட்டா இருந்தா வரிக்கணக்குல உள்ள வீட்டு மதிப்பு ஒரு லட்சம் டாலருக்கு வருஷம் 60 டாலருக்கு மேல போகக்கூடாது. அவன் அனுப்புன பக்கத்துல வேண்டும்ங்கறவங்க வாதம், வேண்டாம்ங்கறவங்க வாதம், ரெண்டுக்கும் மறுப்பு, ஒரு வீட்டுக்கு எவ்வளவு வரும்ங்கற மதிப்பீடு எல்லாமே இருந்துச்சு. வேண்டாம்னு சொல்றவங்க வாதத்தயும் அரசாங்க புத்தகத்துலயே அச்சடிச்சு வீட்டுக்கு அனுப்புறாங்க, நான் இத திரும்ப திரும்ப படிச்சேன்.

அங்கயும் மக்கள் எல்லாத்துக்கும் தலையாட்டல. அதே எலெக்ஷன்ல பள்ளிக்கூடங்களுக்கும் கம்யூனிட்டி காலேஜுக்கும் 1000 கோடி டாலர் மாநில பாண்ட ஜெயிக்க வச்சாங்க, வீட்டு வசதி, ரோடு தண்ணி மாதிரி உள்ளூர் வேலை பாண்டுக்கும் 55 போதும்னு கேட்டத தோக்கடிச்சுட்டாங்க.

இத நம்ம ஊர்ல வச்சு யோசிச்சா மொத சிக்கல் யாருக்கு ஓட்டுங்கறது. ஒரு வீட்டுக்கு எத்தன பங்காளி, ஒருத்தர் சென்னைல, ஒருத்தர் கோயம்புத்தூர்ல, ஒருத்தர் சிங்கப்பூர்ல, வரி கட்டுறது அவங்க, ஓட்டு இருக்குறது வீட்ட பாத்துக்கிட்டு பின்கட்டுல குடியிருக்குற குடும்பத்துக்கு. கலிஃபோர்னியாலயும் இதே கததான், வாடகைக்கு இருக்குறவன் ஓட்டு போடுவான், வெளியூர்ல இருக்குற வீட்டுக்காரன் போட முடியாது. எனக்கு அது சரின்னுதான் படுது. சாக்கடையும் தெருவிளக்கும் பள்ளிக்கூடமும் அங்க இருக்குறவங்களுக்குத்தான, பங்காளிக கோவிச்சாலும் பரவால்ல.

கேட்டு வரி போடுறது நமக்கு புதுசும் கெடையாது. கோயிலுக்கு புள்ளி வரி, அதாவது கல்யாணமான குடும்பத்துக்கு இவ்வளவுன்னு போடுறப்ப, நகரத்தார் எல்லாம் நகரக் கூட்டம் கூடி போன கணக்க வாசிச்சு, செலவு இவ்வளவு, புள்ளிக்கு இவ்வளவுன்னு பேசி முடிப்பாங்க, மத்த ஊர்கள்ல தலைக்கட்டு வரியும் அப்படித்தான், கணக்கு வாசிக்காம அடுத்த வரிய போட்டா கூட்டத்துலயே சத்தம் வந்துரும். ஆனா அதுல பேசுறது பூராம் ஆம்பளைக, அதுவும் ஒரு சமூகத்துக்குள்ள. தெரு வேலைக்குன்னு வந்தா பொம்பளைக, வாடகைக்கு இருக்குறவங்க, எல்லாருக்கும் சமமா ஓட்டு வேணும், அதுல எனக்கு மாத்துக்கருத்தே இல்ல.

2024ல காரைக்குடி மாநகராட்சி ஆயி கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் மாதிரி ஊராட்சிகளும் உள்ள வந்தப்போ வரி கூடும், நூறு நாள் வேலை போயிரும்னுதான் எல்லாரும் பேசுனாங்க, அந்த பயம் நியாயந்தான். ஆனா ஊராட்சி போனா கிராம சபையும் போயிரும்னு யாரும் பெருசா பேசல. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சி தினம்னு வருஷத்துல ஆறு நாளு வரவு செலவு எங்கன்னு எந்திரிச்சு கேக்குற இடம் அது. நகரத்துல அதுக்கு பதிலா வார்டுக்குள்ள மக்கள் கூடி பேசுற ஏரியா சபை 2022 நவம்பர் 1ல ஆரம்பிச்சாங்க, எங்க தெருவுல கேட்டுப் பாத்தேன், அப்படி ஒண்ணு இருக்குறதே பாதி பேருக்கு தெரியல.

சட்டப்படி நம்மகிட்ட இப்ப வரிக்கு ஓட்டு கெடையாது, வரிய ஏத்துறது மன்ற தீர்மானமும் அரசாணையுந்தான். கைல இருக்குறதுல இதுக்கு கிட்ட வர்றது நமக்கு நாமே திட்டம், மூணுல ஒரு பங்காவது பொதுமக்கள் போட்டா மீதிய அரசு போடும், என்ன வேலைன்னு நாமளே சொல்லலாம். அதனால எங்க தெருக்காரங்க கொஞ்ச பேரு சேந்து ஏரியா சபைக்கு ஒரு மனு எழுதிருக்கோம். பள்ளிக்கூட கழிவறையா, ஊரணிக்கு தண்ணி வர்ற வாய்க்கால தூர் எடுக்குறதா, எது மொதல்லன்னு வார்டுல உள்ள எல்லாருகிட்டயும் ஒரு சீட்டுல எழுதி வாங்கணும், செலவு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவுன்னு அந்த சீட்டுலயே போட்டிருக்கணும், வேண்டாம்ங்கறவங்க காரணத்தயும் அதுலயே அச்சடிக்கணும், வேலை முடிஞ்சதும் பில்ல பள்ளிக்கூட சுவத்துல ஒட்டணும். கையெழுத்து வாங்க இந்த ஞாயித்துக்கெழம காலைல பிள்ளையார் கோயில் தெருவுலருந்து ஆரம்பிக்கிறோம், வெளியூர்ல இருக்குற பங்காளிகளுக்கும் மனுவ போட்டோ எடுத்து அனுப்பியாச்சு.