கரண்ட் கம்பி இரைச்சலும் கடிதத்தோட நிக்கிற சட்டமும்

அமெரிக்காவுல ஹாம் ரேடியோ, அதாவது லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா நடத்துற ரேடியோ, வச்சிருக்கவங்களுக்கு பெரிய தலைவலியே வீட்டு முன்னாடி போற கரண்ட் கம்பிதான். ரிசீவரை போட்டா ஒரே ஸ்ஸ்ர்ர்னு இரைச்சல், தூரத்துலேர்ந்து வர்ற மெல்லிசான சிக்னல் எல்லாம் அதுக்குள்ள அமுங்கிப்போகும், நாம பவரை ஏத்தியும் பிரயோஜனமில்ல, ஏன்னா அடைபடுறது நம்ம காது.

முக்கால்வாசி காரணம் கம்பத்துல ஏதோ ஒண்ணு லூசா இருக்கறதுதான். நட்டு போல்ட்டு, இன்சுலேட்டரை கட்டுன கம்பி, மரக்கம்பத்துல எர்த் வயரை அடிச்சு வச்ச ஆணி, இப்படி ஏதாவது. அந்த துளி இடைவெளியில பொறி தாவும், 60 ஹெர்ட்ஸ் சப்ளைங்கறதால, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவைன்னு, செகண்டுக்கு 120 தடவை கொத்து கொத்தா. மழை பேஞ்சா ஈரம் அந்த இடைவெளியை அடைச்சுடும், இரைச்சலும் அடங்கிடும், அன்னிக்கு பாத்து மின் கம்பெனி ஆள் வந்தா ஒண்ணுமில்லன்னு எழுதிட்டு போயிடுவாரு. வெயில்ல காஞ்சதும் திரும்ப ஆரம்பிக்கும்.

எந்த கம்பம்னு கண்டுபிடிக்கறது தனி வேலை. முதல்ல நம்ம வீட்டு மெயினை ஆஃப் பண்ணிட்டு பேட்டரி ரேடியோவுல கேக்கணும், பல நேரம் குத்தவாளி நம்ம சார்ஜர்தான். அதுக்கப்புறமும் இரைச்சல் இருந்தா வெளிய தேடணும், ஆனா ஹெச்எஃப்ல, அதாவது 3லேர்ந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமான அலைவரிசையில, தேடக்கூடாது, அந்த அலை கம்பி வழியாவே ரொம்ப தூரம் ஓடும், தப்பான கம்பத்துல கொண்டுபோய் நிறுத்தும். விஹெச்எஃப், யுஹெச்எஃப்னு இன்னும் உயர்ந்த அலைவரிசைக்கு மேல போகப்போக இடம் சுருங்கும், ஏஎம் ரிசீவரும் கையில ஒரு யாகி ஆன்டெனாவும் (ஒரே திசையைப் பாத்து கேக்கற ஆன்டெனா) போதும். கம்பத்தை சுத்தியலால தட்டிப் பாக்கறது மட்டும் வேண்டவே வேண்டாம், உயிருக்கே ஆபத்து.

சட்டம் என்னவோ தெளிவாத்தான் இருக்கு. ரேடியோ அலைகளை கட்டுப்படுத்துற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்சிசியோட பார்ட் 15 விதிப்படி கரண்ட் லைன்லேர்ந்து தன்னால கசியற இரைச்சலுக்கு இத்தனை அளவுதான்னு நம்பர் வரம்பு கிடையாது, ஆனா லைசென்ஸ் உள்ள சேவையை கெடுக்குற அளவுக்கு போனா லைனை நடத்துறவங்கதான் சரி பண்ணணும். நடைமுறை வேற. மொதல்ல மின் கம்பெனிகிட்ட புகார், அசையலன்னா ஹாம் ஆளுங்களோட தேசிய சங்கமான ஏஆர்ஆர்எல் உதவி, அதுக்கும் அசையலன்னா எஃப்சிசி கடிதம், அப்புறம் இன்னொரு கடிதம். ஃபைன் வரைக்கும் போறது அபூர்வம். இதுதான் எனக்கு ஆத்திரமா வருது, தப்பு பண்ணுறது அவங்க, கம்பம் கம்பமா அலையறது ஒரு தனி மனுஷன்.

கரண்ட் கம்பி வழியாவே இன்டர்நெட் விடுற பிபிஎல் கதையும் இதேதான். 2004ல எஃப்சிசி அதுக்கு விதி போட்டுச்சு, ஏஆர்ஆர்எல் கோர்ட்டுக்கு போச்சு, எஃப்சிசி நம்பியிருந்த ஆய்வுகள்ல சில பகுதிகளை மறைச்சது சரியில்லன்னு 2008ல தீர்ப்பு வந்துச்சு. ஆனா வர்ஜீனியாவுல மனாசஸ் ஊர்ல ஹாம் ஆளுங்க வருஷக்கணக்கா புகார் குடுத்தும் அந்த சர்வீஸ் ஓடிட்டேதான் இருந்துச்சு, கடைசியில 2010ல ஊர் நிர்வாகம் கட்டுப்படியாகலன்னு தானா மூடுச்சு.

கம்பெனிக்கும் இதுல லாபம் இருக்கு, பொறி பறக்குற இடம் நாளைக்கு பழுதாகப்போற இடமாவும் இருக்கலாம். அதனால புகார் வந்தா இத்தனை நாளுக்குள்ள சரி பண்ணணும், இல்லன்னா தானாவே அபராதம்னு எஃப்சிசி விதியிலயே எழுதணும். அதுவரைக்கும் இரைச்சல் வர்ற தேதி, நேரம், வெயிலா மழையா, ஒலிப்பதிவு எல்லாத்தையும் முதல் நாள்லேர்ந்தே நோட்டு போட்டு வைங்க, கேக்கறவங்க முதல்ல கேக்கறது அதைத்தான்.