“டிராப்பிங்!”: ஒரு குளிர்காலமும் ஆறரை நிமிடக் குறும்படமும்

பனிச்சறுக்கு மலையில் குதிக்கவும் சுற்றவும் மேடு கட்டி வைத்திருக்கும் இடத்துக்கு டெர்ரெய்ன் பார்க் என்று பெயர். அங்கே வரிசையாக நிற்பவர்களில் ஒருவர் தன் முறை வந்ததும் “டிராப்பிங்!” என்று குரல் கொடுப்பார். நான் கிளம்புகிறேன், கீழே யாரும் குறுக்கே வராதீர்கள் என்று அர்த்தம். இரண்டாம் ஆண்டுக் குறும்படத்துக்கு அந்தச் சொல்லையே பெயராக வைத்தேன். நவம்பரில் தொடங்கிய வேலை ஏப்ரலில்தான் முடிந்தது. அதை நாலு பேரிடம் கொண்டு சேர்க்கும் வேலை இன்னும் நடக்கிறது. நோட்டில் அவ்வப்போது எழுதி வைத்ததைப் பார்த்து இதை எழுதுகிறேன்.

நான் படிப்பது கனடாவின் வான்கூவரில். வாட்டர்ஃப்ரண்ட் நிலையத்தில் சீபஸ் படகில் ஏறினால் பன்னிரண்டு நிமிடத்தில் அக்கரை. அங்கிருந்து 236ஆம் எண் பஸ் க்ரௌஸ் மலை அடிவாரத்தில் இறக்கிவிடும். அப்புறம் கம்பியில் தொங்கி மேலே போகும் கோண்டோலா. இரவு பத்து மணி வரை விளக்கு போட்டுச் சறுக்க விடுகிறார்கள். கார் இல்லாத, பகலெல்லாம் வகுப்பில் இருக்கிற மாணவனுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. பெரிய பெயர் விஸ்லருக்குத்தான், ஆனால் அது 120 கிலோமீட்டர் தள்ளி. போய்வரும் செலவும் டிக்கெட்டும் சேர்ந்தால் ஒரு நாளிலேயே என் மொத்தப் பட்ஜெட்டும் காலி.

கதை என் வகுப்புத் தோழியுடையது. அவளுக்குப் பதின்மூன்று வயதிலிருந்தே இடப்பக்கமாக 360, அதாவது காற்றில் ஒரு முழுச் சுற்று, சுற்றத் தெரியும். வலப்பக்கமாகச் சுற்ற வரவே இல்லை. இரு காலிலும் நீளப் பலகை (ஸ்கீ) மாட்டிச் சறுக்கும் ஸ்கீயர் ஒவ்வொருவருக்கும் உடம்புக்குப் பழகிய ஒரு பக்கம் உண்டு. மறுபக்கத்தை ‘அன்நேச்சுரல்’ என்கிறார்கள். வலக்கையால் இருபது வருடம் கோலம் போட்டவரை இடக்கையால் போடச் சொன்ன மாதிரிதான், ஆனால் இங்கே புள்ளி தவறினால் முதுகு அடிபடும். மேடுகளிலும் தடைகளிலும் வித்தை காட்டி இறங்கும் ஸ்லோப்ஸ்டைல் போட்டிகளில் இடம், வலம், முன்பக்கமாகப் போய், பின்பக்கமாகப் போய் என்று நான்கு விதமாகவும் சுற்றுகிறவர்களை நடுவர்கள் மதிக்கிறார்கள். அவளுக்குப் போட்டி ஆசை எதுவும் இல்லை. “இந்த சீசனுக்குள் வலது 360 இறங்கணும், அவ்வளவுதான்” என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவள் ஹெல்மெட்டில் ஸாரா பர்க் பெயர் போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறது. முதல் நாளே அதைப் பற்றிக் கேட்டேன். பாதியாக வெட்டிய குழாய் மாதிரிப் பனிப் பள்ளத்தில் இரு பக்கமும் ஏறிக் குதிப்பது ஹாஃப்பைப். பெண்களுக்கு ஹாஃப்பைப் போட்டி வேண்டும், அது ஒலிம்பிக்கிலும் வேண்டும் என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்த கனடாக்காரர் ஸாரா பர்க். 2011இல் ஸ்கீ ஹாஃப்பைப்பை ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். 2012 ஜனவரியில் யூட்டாவின் பார்க் சிட்டியில் பயிற்சியில் விழுந்து, சில நாள் கழித்து இறந்துபோனார். வயது 29. 2014 சோச்சியில் அந்தப் போட்டி முதன்முறையாக நடந்தபோது அவர் இல்லை. தோழி இதைச் சொல்லும்போது குரல் மாறவில்லை, கையுறையை மட்டும் கழற்றிக் கழற்றிப் போட்டாள். படத்தில் அந்தக் கை இருக்கிறது, பேச்சு இல்லை.

டிசம்பர்: பனி சாம்பலாகத் தெரிந்தது

முதல் இரண்டு இரவுகளில் எடுத்தது எதுவும் தேறவில்லை. கேமராவின் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும். ஃப்ரேம் முழுக்க வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். பனி அழுக்குச் சாம்பலாகவும் ஆள் கரிக்கட்டையாகவும் வந்தார்கள். அப்புறம் எக்ஸ்போஷரை +1.3 வரை ஏற்றி வைத்தேன், பனி பனியானது.

அடுத்தது விளக்கு. சில ஷாட்களில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தன. ஊரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். அந்தப் பழக்கத்தில் ஷட்டரை 1/100இல் வைத்திருந்தேன். இங்கே 60 ஹெர்ட்ஸ், 120 முறை மினுங்கும். ஷட்டரை 1/125க்கு மாற்றியதும் பட்டை அடங்கியது. அன்றிலிருந்து நொடிக்கு 60 ஃப்ரேமில் எடுத்து, தேவையான இடத்தில் மட்டும் மெதுவாக்கினேன்.

பேட்டரியை ஜாக்கெட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். குளிரில் 40 சதவீதம் காட்டும் பேட்டரி அடுத்த நிமிடமே நின்றுவிடும். உள்ளே வைத்துச் சூடாக்கினால் கொஞ்சம் உயிர் திரும்பும். கேமராவை வெளியிலிருந்து சூடான அறைக்குள் அப்படியே கொண்டுபோனால் லென்ஸுக்குள் வரை வியர்க்கும். மேலேயே ஜிப் பையில் போட்டு மூடி, அறையில் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் பிரச்சினை இல்லை. ட்ரோன் ஆசையை அனுமதி கேட்ட அன்றே விட்டுவிட்டேன். சறுக்குத் தளங்களில் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஆள் தலைக்கு மேல் பறக்கவிடுவது எனக்கும் சரியாகப் படவில்லை.

ஜனவரி: மழை, அம்மா

ஹவாய்ப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்து மலையுச்சி வரை மழை கொட்டுவதை இங்கே பைனாப்பிள் எக்ஸ்பிரஸ் என்கிறார்கள். ஜம்ப் எல்லாம் கரைந்து பத்து நாள் படப்பிடிப்பு இல்லை. இந்தக் கடலோர மலைகளுக்கு இது புதிதல்ல. 2010 ஒலிம்பிக்கின்போது பக்கத்துச் சைப்ரஸ் மலைக்கு லாரியிலும் ஹெலிகாப்டரிலும் பனியைக் கொண்டுவந்து போட்டுத்தான் ஃப்ரீஸ்டைல் போட்டிகளை நடத்தினார்கள்.

அந்தப் பத்து நாளில் இரண்டு நிமிட எடிட் ஒன்று செய்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா ஈரோட்டை விட்டு அதிகம் வெளியே போனதில்லை, பனியைப் படத்தில் பார்த்ததோடு சரி. பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா அந்தப் புள்ள எப்பச் சுத்துச்சு? பறந்துச்சு, எறங்குச்சு. சுத்துனது எங்கண்ணுக்குப் படவே இல்ல.”

மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த மிக உபயோகமான கருத்து இதுதான். வகுப்பில் எல்லோருக்கும் ஸ்கீ தெரியும், யாருக்கும் இந்தக் கேள்வி வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கறுப்பு ஜாக்கெட், கறுப்பு வானம், கிளம்பும் இடத்தில் ஒரு கட், காற்றில் ஒரு கட், இறங்கும்போது இன்னொரு கட். சுற்றியதை நானே வெட்டி எறிந்திருந்தேன்.

இரண்டு மாற்றம் செய்தோம். தோழியின் முதுகில் மஞ்சள் துணி ஒன்றைத் தைத்தோம். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது மஞ்சள் ஒரு தடவை தெரிந்து மறைந்தால் அது 360. எண்ணத் தெரியாதவருக்கும் கண்ணுக்குப் புரியும். இரண்டாவது, குதிக்கும் ஷாட்டை வெட்டுவதே இல்லை என்று முடிவு செய்தேன். “டிராப்பிங்!” குரலிலிருந்து இறங்கி நிற்கும் வரை ஒரே ஷாட். முதலில் இடப்பக்கம், உடனே அதே கோணத்தில் வலப்பக்கம். அதற்கப்புறம் அம்மா கேள்வி கேட்கவில்லை. “இந்தப் பக்கம் சுத்தறப்ப மொகம் பயந்து கெடக்குது” என்று மட்டும் சொன்னார். நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை.

பிப்ரவரி: விழுந்த கணக்கு

நோட்டில் இருப்பது: ஒன்பது இரவு, 71 முயற்சி. தோள் முதலில் திரும்பிவிடுகிறது, இடுப்பு பின்தங்குகிறது, முக்கால் சுற்றில் பனி வந்துவிடுகிறது. இடுப்பில் இடப்பக்கம் ஒரு காயம், அதே காயத்தின் மேலேயே மறுபடி. நாற்பதாவது முயற்சிக்கப்புறம் ஒரு வாரம் நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினாள். கேமரா இருப்பதால் அவள் அதிகமாக முயற்சி செய்கிறாளோ என்ற பயம் எனக்கு இருந்தது. அதை அவளிடமே கேட்டேன். “நீ இல்லாத அன்னைக்கும் வந்தேன்” என்றாள். அதிலிருந்து, அவள் போதும் என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் கேமராவை மூட்டை கட்டுவது என்று பேசி வைத்துக்கொண்டோம். விளையாட்டுப் படம் எடுக்கிற யாரும் முதல் நாளே செய்துகொள்ள வேண்டிய ஒப்பந்தம் இது. நான் தாமதமாகத்தான் செய்தேன்.

மார்ச்: கறுப்புத் திரை

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. கீழே நகரம் மேகத்துக்குள் போய்விட்டது, மேலே வானம் தெளிவு. ஜம்ப்பின் ஓரமாகப் பனியில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை காற்றுச் சத்தம் புகாமல் ரோமக் குல்லா மாட்டி எப்போதும் ஓடவிட்டிருப்பேன். நான் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது தெரியாது. மேலே “டிராப்பிங்!” கேட்டது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 72ஆவது முயற்சி, வலது 360, சுத்தமாக இறங்கிவிட்டாள். என் கையில் திறந்த கேமராவும் பழைய பேட்டரியும்.

அரை மணி நேரத்தில் அவள் அதையே மறுபடியும் செய்தாள், அது ஒழுங்காகப் பதிவானது. இரண்டாவதன் படத்தை முதலாவதன் ஒலியோடு ஒட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று எடிட்டிங் அறையில் யோசனை சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. முதல் தடவை என்பது ஒன்றுதான் இருக்கிறது. அதை நான் பார்க்கவில்லை, கருவி கேட்டது. சரி, பார்ப்பவர்களும் கேட்கட்டும் என்று விட்டேன்.

படத்தில் ஒன்பது நொடி கறுப்புத் திரை. “டிராப்பிங்!” ஸ்கீ பனியைக் கீறிக்கொண்டு வேகமெடுக்கும் ஓசை. அப்புறம் ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு ஒரு தட்டு. அவள் கத்தல். அதற்குப் பின்னால்தான் படம் வருகிறது, அவள் பனியில் மல்லாந்து கிடக்கும் ஷாட். அம்மா போனில், “அய்யோ, உழுந்துருச்சோன்னு நெஞ்சே நின்னுருச்சு” என்றார்.

இசை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். முதல் எடிட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டிருந்தேன். பாட்டு எழுதியவர் உரிமை தனி, அந்தப் பதிவின் உரிமை தனி, இரண்டையும் வாங்காமல் எந்த விழாவுக்கும் அனுப்ப முடியாது. எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் ஸ்கீயின் கீறலும் லிஃப்டின் முனகலும் காதில் விழுந்தன. இப்போது கடைசி நாற்பது நொடிக்கு மட்டும் வகுப்பு நண்பர் வாசித்த டிரம்ஸ் இருக்கிறது, எழுத்தில் அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல்: ஊருக்குச் சொல்வது

டிரெய்லர் 22 நொடி. செங்குத்தாக ஒன்று, கிடைமட்டமாக ஒன்று. முதல் வடிவத்தில் ஆரம்பத்தில் பெயர் அட்டை ஆறு நொடி நின்றது, பார்த்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே போய்விட்டதை வரைபடம் காட்டியது. அட்டையைக் கடைசிக்குத் தள்ளி, எடுத்த எடுப்பில் விழும் ஷாட்டைப் போட்டேன். முடிவில் கறுப்புத் திரையும் “டிராப்பிங்!” குரலும், அதோடு நிறுத்தம். இறங்கினாளா இல்லையா என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் திரையிடல் தேதியைக் கொடுத்தேன்.

போஸ்டரை ஒன்பது ஸ்கீ கடைகளில் கேட்டோம், ஆறில் ஒட்டவிட்டார்கள். ஒரு கடைக்காரர் சுவரில் மாட்டிய பழைய ஸ்கீ ஜோடி ஒன்றை இறக்கிக் காட்டினார், இரு முனையும் வளைந்தது. 1998இல் சாலமன் நிறுவனம் விட்ட டென்எய்ட்டி. அதை உருவாக்கியதில் விஸ்லரைச் சேர்ந்த மைக் டக்ளஸுக்கும் அவர் நண்பர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. பின்முனையும் வளைந்ததால்தான் பின்பக்கமாகக் கிளம்பி, பின்பக்கமாக இறங்குவது எல்லோருக்கும் எட்டியது.

கல்லூரி அரங்கில் 80 இருக்கை, 61 பேர் வந்தார்கள், பாதிக்கு மேல் ஸ்கீயர்கள். கறுப்புத் திரை வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தேன். தட்டு கேட்டதுமே ஸ்கீயர்கள் சிரித்துவிட்டார்கள், கத்தல் வருவதற்கு முன்பே. பிறகு ஒருவரிடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். விழுந்தால் இரண்டு மூன்று சத்தம் சிதறி வரும், இரண்டு ஸ்கீயும் ஒன்றாகத் தொட்டால் ஒரே சத்தம் என்றார். மற்றவர்கள் கத்தல் வரும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

முழுப்படத்தை இன்னும் பொதுவில் ஏற்றவில்லை. ஏற்கெனவே இணையத்தில் வந்த படத்தைச் சில விழாக்கள் எடுப்பதில்லை. விழாக்களுக்குப் படம் அனுப்பும் ஃபிலிம்ஃப்ரீவே தளம் வழியாக மாணவர் கட்டணத்தில் ஐந்து விழாக்களுக்கு அனுப்பத் தயார் செய்கிறேன். 1976இலிருந்து நடக்கும் பான்ஃப் மலைப்பட விழாதான் முதல் ஆசை, அடுத்தது விஸ்லர் பட விழா.

இடையில் அம்மாவுக்காகத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘ஸ்விட்ச்’ என்பதற்குப் ‘பின்பக்கமா’ என்று போட்டுவிட்டேன். ‘டிராப்பிங்’தான் நகரவில்லை. ‘கிளம்புகிறேன்’ சரியில்லை, ‘வழி விடுங்கள்’ அதட்டல் மாதிரி இருக்கிறது. நேற்று அம்மாவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கெணத்துல குதிக்கறப்ப நீங்க என்ன கத்துவீங்க?” என்றார். தோட்டத்துக் கிணற்று மேட்டில் நின்று, உள்ளே நீந்துகிறவர்களைப் பார்த்து நாங்கள் கத்தியது “வர்றேன் டோய்!”

அதையே போட்டுவிட்டேன். மொத்தம் 38 வரி, இன்னும் பதினொன்று பாக்கி.