தஞ்சையில் குனிந்து பார்த்த காலை

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கில்லை. எப்போதும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். இந்தத் தை மாதம் போனது, விமானத்தின் அடிப்பகுதியைக் குனிந்து பார்ப்பதற்காகவே.

காரணம் ஒரு பழைய படம். 1858-ல் லின்னேயஸ் டிரைப் எடுத்தது. மதராஸ் படையில் கேப்டனாக இருந்தவர் அவர். மதராஸ் அரசாங்கமே அவரைத் தன் போட்டோகிராபராக நியமித்திருந்தது. 1857 டிசம்பரில் தொடங்கிய அந்தப் பயணத்தில் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை என்று சுற்றித் தஞ்சைக்கும் வந்தார். கோயிலின் பல காட்சிகளை அழகாகவே எடுத்திருக்கிறார். ஆனால் என்னை இங்கே இழுத்து வந்தது அதிட்டானத்தில், அதாவது விமானத்தைத் தாங்கும் அடிப்பீடத்தில், ஓடும் கல்வெட்டு வரிகளின் படம். 21 படங்களை ஒட்டி ஒரே சுருளாக்கியிருக்கிறார். நீளம் ஏறக்குறைய 19 அடி!

போனில் பனோரமா எடுத்துப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே திரும்பினால் கல்வரிசை வில்லாக வளைந்துவிடுகிறது. வரி நேராக வர வேண்டுமென்றால் சுவரை ஒட்டியே, ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் கேமராவை நகர்த்தி நகர்த்தி வைக்க வேண்டும். அந்தக் கால மரப்பெட்டிக் கேமராவோடு அதைச் செய்வது எத்தனை பாடு!

அப்போது பலரும் பயன்படுத்திய ஈரக் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசியதும், காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அது எவ்வளவு நேரம் தாங்கும்? டிரைப் இந்தப் பயணத்தில் பெரும்பாலும் நம்பியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவை. முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப் போகலாம். ஆனால் ஒரு படத்துக்கே நிமிடக் கணக்கில் ஒளி பட வேண்டும். நடமாடுகிறவர்கள் பதியவே மாட்டார்கள். நீல வானமும் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் பல படங்களில் மேகங்களை நெகட்டிவின் மேல் அவரே தீட்டினார். அதைக் குறையாக நான் நினைக்கவில்லை, கண்ணால் கண்ட வானத்தை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை.

காலை ஏழு மணிக்குத் தென்புறம் வெயில் சாய்வாக விழுந்தது. எழுத்தின் பள்ளங்களில் நிழல் நிறைந்ததும் வரிகள் எழுந்து நின்றன. ப, ட, க என்று அங்கங்கே பிடிபட்டது. புள்ளி இல்லாததால் மெய்யா உயிர்மெய்யா என்று தடுமாற வேண்டியிருக்கிறது. "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்" என்று ராஜராஜன் வெட்டச் சொன்னதும் இந்தக் கோயில் கல்லில்தான். இந்தக் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் முறையாகப் படித்து வெளியிடத் தொடங்கியது 1891-ல். அதற்கு முப்பது வருடங்களுக்கும் மேல் முன்பே, இது ஓரெழுத்தும் விடாமல் பார்க்க வேண்டிய பொருள் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. டிரைப்பின் அந்த வேலையைத்தான் மதராஸ் ஆளுநர் டிரெவெல்யன் ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அப்புறம் நானும் இரண்டடிக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டே நகர்ந்தேன். ஒன்பதாவது படத்துக்குள் வெயில் ஏறிவிட்டது. நிழல் வற்றி எழுத்துகள் கல்லோடு கல்லாகிவிட்டன. சரி, மீதியை நாளை இதே நேரத்துக்கு வந்து எடுக்கலாம் என்று, நின்ற இடத்துக்கு நேரே இருந்த கல் இணைப்பை அடையாளம் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.