டிசம்பர் 1 எப்படி ஜனவரி 12 ஆனது: மொட்டைமாடி வானிலை நிலையக் குறிப்புகள்

8 டிசம்பர் 2024, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. எங்கள் வீடு வில்லியனூர் பக்கம். மாடியில் உள்ள மழைமானியின் குட்டி வாளி அன்று விடிய விடியக் கவிழ்ந்துகொண்டே இருந்தது. இன்வெர்ட்டர் தாக்குப்பிடித்ததால் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியும் அதில் ஓடும் வீவெக்ஸ் என்ற வானிலை மென்பொருளும் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இந்த நிலையத்தை வைத்ததே இப்படி ஒரு இரவுக்காகத்தான்.

இன்று காலை திண்டிவனத்திலிருந்து மாமா பேசினார். விவசாயி. பல வருஷமாக ஒரு நோட்டில் தினமும் காலை 8:30-க்கு மழை அளவை எழுதிவருபவர்.

"மாப்ள, உன் வெப்சைட் பக்கத்துல இந்த வருஷத்தோட உச்ச மழை ஜனவரி 12-ன்னு போட்டிருக்கே? ஜனவரி முதல் வாரம் பெய்ஞ்சது. 12-ஆம் தேதி என் நோட்டுல சைபர்தான்."

திறந்து பார்த்தேன். ஆண்டுப் பக்கத்தில், உச்ச மழை வேகம் பதிவான நேரம்: 12/01/24 02:10:00. மாமா படித்தபடி படித்தால் அது ஜனவரி 12. உண்மையில் டிசம்பர் 1, நள்ளிரவு தாண்டி 2 மணி 10 நிமிடம். புயல் மழை உச்சத்தில் கொட்டிய நேரம் அது. அந்த ஒரு வரி தவறாகப் படிக்கப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை. பிற்பாடு யாராவது இந்தப் பதிவைப் பார்த்தால் அவர்களுக்கும் ஜனவரி 12 என்றுதானே தோன்றும்?

அதே நாள், இரவு

முதலில் தரவுதளத்தைச் சோதித்தேன். அங்கே பயமில்லை. வீவெக்ஸ் ஒவ்வொரு பதிவின் நேரத்தையும் 1 ஜனவரி 1970 முதல் கடந்த வினாடிகளின் எண்ணிக்கையாகத்தான் சேமிக்கிறது. நாள், மாதம் என்ற எழுத்தே அதில் கிடையாது. பக்கத்தை உருவாக்கும் கணத்தில்தான் அந்த எண்ணுக்குத் தேதி என்ற சட்டை மாட்டப்படுகிறது. பிழை சட்டையில்தான்.

பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தொகுப்புக்கு ஸ்கின் என்று பெயர். அதன் அமைப்புக் கோப்பில், நேர வடிவங்கள் என்ற பகுதியில் ஆண்டுப் பக்கத்துக்குச் சதவீதக் குறியோடு ஒரு சின்ன எக்ஸும், அடுத்து இன்னொரு சதவீதக் குறியோடு ஒரு பெரிய எக்ஸும் இருந்தன. சின்ன எக்ஸ் என்றால் 'இந்த ஊர் வழக்கப்படி தேதி'. பெரிய எக்ஸ் என்றால் 'இந்த ஊர் வழக்கப்படி நேரம்'. எந்த ஊர் என்பதை வீவெக்ஸ் தானாக முடிவு செய்வதில்லை, இயங்குதளத்தின் லொகேலை, அதாவது மொழி, ஊர் வழக்க அமைப்பைக் கேட்கிறது. உலகம் முழுக்க ஓடும் மென்பொருளுக்கு இது நல்ல ஏற்பாடு. கேட்ட இடத்தில் சரியான பதில் இருந்தால் போதும்.

மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் வழி) மூலம் ராஸ்பெர்ரி பைக்குள் போய், தேதி காட்டும் டேட் கட்டளையில் அதே சின்ன எக்ஸைக் கொடுத்தேன். 08/12/24 என்று வந்தது. நாள் முதலில், மாதம் பிறகு. சரியான விடை! லொகேல் சரி, பக்கம் மட்டும் தவறா? இதில் இரண்டு மணி நேரம் போனது.

10 டிசம்பர்

விஷயம் பிடிபட்டது. டெபியன் லினக்ஸ் வழி வந்த கணினிகளில் எஸ்எஸ்ஹெச் இயல்பாகவே நம் மடிக்கணினியின் மொழி அமைப்புகளையும் கூடவே எடுத்துப்போகிறது. எதிர்முனையும் அதை ஏற்றுக்கொள்கிறது. என் மடிக்கணினியில் பிரிட்டிஷ் ஆங்கிலம். ஆகவே நான் பார்த்த 08/12/24 பையினுடைய பதில் அல்ல, என் மடிக்கணினியின் பதில். வீவெக்ஸோ பின்னணிச் சேவையாக ஓடுகிறது. நான் உள்ளே நுழைவதும் வெளியேறுவதும் அதற்குத் தெரியாது.

இதைச் சோதிக்க நினைப்பவர்கள் டெர்மினலில் தெரியும் தேதியை நம்ப வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் சூழல் மாறிகளை (மொழி போன்ற அமைப்புகளை அதற்குச் சொல்பவை) நேராகப் பாருங்கள். லினக்ஸில் ப்ராக் அடைவுக்குள் அந்தச் செயலியின் எண்ணில் ஒரு அடைவு இருக்கும், அதற்குள் என்விரான் என்ற கோப்பு. இன்னும் எளிய வழி, வீவெக்ஸ் தொடங்கும்போது எழுதும் பதிவு. எந்த லொகேலில் ஓடுகிறேன் என்று அது அங்கே ஒரு வரி எழுதிவிடுகிறது. என் பதிவில் அந்த இடத்தில் வெறும் 'சி' என்று இருந்தது.

சி என்பது எந்த ஊரும் சொல்லாதபோது கணினி எடுத்துக்கொள்ளும் இயல்பு லொகேல். அதில் தேதி என்றால் மாதம், நாள், இரண்டு இலக்க ஆண்டு. 12/01/24 வந்த வழி இதுதான்.

சி எங்கிருந்து வந்தது? அக்டோபரில் எஸ்டி கார்டு கெட்டு எல்லாவற்றையும் புதிதாக நிறுவினேன். அப்போது லொகேலை அமைக்க முடியவில்லை என்று ஓர் எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. அதை நிறுத்த, சேவைக் கோப்பில் 'எல்சி ஆல்' என்ற மாறிக்கு சி என்று நானே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எச்சரிக்கை நின்றது, தேதி புரண்டது. நவம்பர் 13 முதல் 30 வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் 11/25/24 என்பதை வேறு விதமாகப் படிக்க வழியே இல்லை. 25-ஆவது மாதம் கிடையாதே. நாள் 12-க்குள் இருக்கும்போதுதான் இந்தப் பிழை ஒளிந்துகொள்கிறது.

14 டிசம்பர், சனி

தேதி, நேரத்துக்கு மட்டும் 'எல்சி டைம்' என்று தனி மாறி உண்டு. அதற்குப் பிரிட்டிஷ் ஆங்கிலம் கொடுத்துச் சேவையை மறுதொடக்கம் செய்தேன். மாற்றமே இல்லை. எல்சி ஆல் இருந்தால் மற்ற எதையும் கணினி பார்க்காது. அது இல்லாவிட்டால்தான் எல்சி டைம், அதுவும் இல்லாவிட்டால் 'லேங்' என்ற பொது மாறி. பழைய வரியை நீக்கியதும் 01/12/24 வந்துவிட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கையோடு வேறு லொகேல்களையும் நிறுவி, டிசம்பர் 1 பிற்பகல் 2:10 என்ற ஒரே வினாடியை ஒவ்வொன்றிலும் ஓடவிட்டேன். அமெரிக்க ஆங்கிலத்தில் 12/01/2024 02:10:00 பிஎம். பிரிட்டிஷில் 01/12/24 14:10:00. ஜெர்மனில் 01.12.2024 14:10:00. ஜெர்மனில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த லொகேலில் ஏஎம், பிஎம் இரண்டுக்கும் சொல்லே கிடையாது, வெற்றிடம்தான். 12 மணிக் கணக்கில் வடிவம் எழுதிவிட்டு ஜெர்மன் லொகேலில் ஓடவிட்டால், இரவு 2:10-உம் பகல் 2:10-உம் ஒரே மாதிரி 02:10 என்றே வரும்.

தமிழ் லொகேலைப் பார்க்காமல் விட மனம் வரவில்லை. கிழமையும் மாதமும் தமிழில் வந்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சி. ஞாயிறு, டிசம்பர் என்று என் நிலையத்தின் பக்கத்தில் பார்ப்பது தனிச் சுகம். சிக்கல் மணியில். ஏஎம் வரும் இடத்தில் 'காலை', பிஎம் வரும் இடத்தில் 'மாலை'. அப்படியானால் நள்ளிரவு தாண்டி 2:10-க்குக் 'காலை 02:10'. உச்சி வெயில் 12:30-க்கு 'மாலை 12:30'. இரவு 11:40-க்கு 'மாலை 11:40'. நாம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. விடியற்காலை, காலை, மதியம், மாலை, இரவு என்று நாளை ஐந்தாறாகப் பகுத்துப் பேசுகிற மொழி நம்முடையது. லொகேல் கோப்பு தருவதோ இரண்டே பெட்டிகள். யாரோ தன்னார்வலர்கள் இருந்த இரண்டு இடங்களையும் நல்ல மனதோடு தமிழால் நிரப்பியிருக்கிறார்கள், குறை அந்த அமைப்பினுடையது. தமிழில் நேரம் காட்டும் எவருக்கும் என் யோசனை: 24 மணிக் கணக்கில் போடுங்கள்.

15 டிசம்பர்

இறுதி முடிவு: தேதி வடிவத்தை லொகேலின் கையில் விடுவதில்லை. அடுத்த எஸ்டி கார்டு போகும்போது லொகேல் மறுபடி மாறலாம். வீவெக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பில், அறிக்கைகளுக்கான பொது இயல்புநிலைப் பகுதியில், நேர வடிவங்களை நானே விரித்து எழுதினேன். நாள், மாதத்தின் முழுப்பெயர், நான்கு இலக்க ஆண்டு, 24 மணி நேரம். ஸ்கின் கோப்பில் எழுதாமல் இங்கே எழுதினால் எல்லா ஸ்கின்களுக்கும் பொருந்தும். எல்சி டைமை இப்போது தமிழாக மாற்றிவிட்டதால் மாதப் பெயர் தமிழில் வருகிறது: 1 டிசம்பர் 2024, 02:10. லொகேல் நாளை தொலைந்தாலும் மாதம் ஆங்கிலத்தில் வரும், அவ்வளவுதான். தேதி புரளாது.

பழைய மாதப் பக்கங்கள் மட்டும் மாறவில்லை. முடிந்துபோன மாதத்தின் கோப்பு ஏற்கெனவே இருந்தால் வீவெக்ஸ் அதை மறுபடி உருவாக்காது. அவற்றை அழித்துவிட்டு அறிக்கையை ஓட்டினேன், புதிதாக எழுதிக்கொண்டது.

வரைபடங்களின் அடியில் உள்ள தேதி இதற்குக் கட்டுப்படாது. படம் வரையும் பகுதிக்குத் தனி வடிவ வரி இருக்கிறது, அதிலும் அந்த இரண்டு எக்ஸ்கள்தான். அங்கே தமிழ் மாதப் பெயர் வந்தபோது வெறும் கட்டங்கள் தெரிந்தன, ஸ்கின்னோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துரு கொடுத்தேன். டிசம்பர் சரியாக வந்தது. செப்டம்பர் உடைந்தது, ஒற்றைக்கொம்பு சகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. படத்தில் எழுத்து வரையும் பைத்தான் நூலகத்துக்கு எழுத்துகளைக் கோத்துத் தர 'ராக்கம்' என்ற துணை நூலகம் வேண்டும், அது என் நிறுவலில் இல்லை. இப்போதைக்குப் படங்களில் 2024-12-01 என்று எண்ணாகவே விட்டிருக்கிறேன்.

22 டிசம்பர், ஞாயிறு

மாமா நோட்டோடு வந்திருந்தார். பக்கத்தையும் நோட்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டோம். தேதி எல்லாம் பொருந்தியது, அளவு பொருந்தவில்லை. நவம்பர் 30 இரவு பெய்த மழையை என் நிலையம் நவம்பர் 30-இல் வைத்திருக்கிறது. மாமாவின் நோட்டில் அது டிசம்பர் 1. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கப்படி முந்தைய நாள் காலை 8:30 முதல் இன்று காலை 8:30 வரை பெய்தது இன்றைய கணக்கு. உலக நேரத்தில் அது 3 மணி. வீவெக்ஸின் நாள் நள்ளிரவில் தொடங்குகிறது. இதற்கும் லொகேலுக்கும் சம்பந்தமில்லை. இது காட்டும் விதமல்ல, கூட்டும் விதம்.

"8:30 கணக்குல ஒரு பட்டியல் தனியா போட முடியுமா மாப்ள?" என்றார்.

"போட்டுடலாம் மாமா. வினாடிக் கணக்கா எல்லாமே இருக்கு."

பொங்கலுக்கு முன் முடிக்கப் பார்க்கிறேன்.